கதீட்ரல் எப்படி நின்றது என்று எழுதியவர் யாராவது உண்டா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

ஐரோப்பியக் கதீட்ரல்கள் பற்றிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தால் எல்லோரும் ஒளி, சொர்க்கம், ரகசிய எண்கள் என்றே எழுதுகிறார்கள். கல்லை எப்படித் தூக்கினார்கள், கூரை ஏன் விழவில்லை, எந்தச் சுவர் எந்த வருடம் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. கட்டிய காலத்தில் யாரும் எதையும் குறித்துவைக்கவில்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

8 ஜனவரி, இரவு

மாற்றுக் கருத்து இருக்கிறது. கெர்வாஸ், ராபர்ட் வில்லிஸ். இந்த இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள். நாளை விரிவாக.

9 ஜனவரி

முதலில் கெர்வாஸ். இங்கிலாந்தில் கேன்டர்பரி கதீட்ரலோடு சேர்ந்த மடத்தில் 1163இல் துறவியானவர். 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட் அந்தக் கதீட்ரலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1173இல் புனிதர் பட்டம். 1174 ஜூலையில் அரசர் இரண்டாம் ஹென்றி வந்து, துறவிகள் கையால் அடி வாங்கிப் பிராயச்சித்தம் செய்துவிட்டுப் போனார். அதே வருடம் செப்டம்பர் 5 அன்று கதீட்ரலின் கிழக்குப் பாதி, அதாவது துறவிகள் அமர்ந்து பாடும் கொயர், எரிந்துபோனது.

மற்ற சரித்திரக்காரர்கள் 'பாவத்தின் சம்பளம்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். கெர்வாஸ் தீ எப்படிப் பிடித்தது என்று படிப்படியாகச் சொல்கிறார். மடத்து வாசலுக்கு வெளியே சில குடிசைகள் எரிகின்றன. தெற்கிலிருந்து பலத்த காற்று. பொறிகள் பறந்து வந்து கூரையின் ஈயத் தகடுகளின் இடுக்கில் புகுந்து, அடியில் உளுத்துக் கிடந்த மரத்தில் உட்காருகின்றன. மேலே ஈயம், கீழே வண்ணம் தீட்டிய பலகை மச்சு, நடுவில் தீ. வெளியே ஒன்றும் தெரியவில்லை. குடிசைத் தீயை அணைத்துவிட்டு ஊரார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஈயம் உருகி வழிய ஆரம்பித்த பிறகுதான் கூச்சல். உத்தரங்கள் எரிந்தபடியே கீழே துறவிகளின் மர இருக்கைகள் மேல் விழ, இருக்கைகள் பற்றிக்கொள்ள, அந்தச் சூட்டில் கல் தூண்கள் பாழாகின்றன.

கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். தூண் கெட்டதற்குக் காரணம் மேலே எரிந்த கூரை மட்டும் இல்லை, அடியில் எரிந்த நாற்காலிகளும்தான். தீ விபத்து அறிக்கையில் வர வேண்டிய வரி இது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி எழுதியிருக்கிறார்.

ஜனங்கள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு கடவுளையும் புனிதர்களையும் சேர்த்துத் திட்டினார்கள் என்பதையும் அவர் விடவில்லை.

10 ஜனவரி

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. நான் சிவில் படித்துப் பல வருடம் சைட்டில் நின்றவன் என்பதால் இதைப் படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

பிரான்சிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கட்டட ஆசான்களை வரவழைக்கிறார்கள். ஆளுக்கொரு பேச்சு. தூண்களை ஒட்டுப்போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சிலர். உயிரோடு இருக்க ஆசையிருந்தால் முழுவதும் இடியுங்கள் என்று சிலர். துறவிகளுக்கு இரண்டாவது பேச்சு வயிற்றைக் கலக்குகிறது. கடைசியில் பிரான்சின் சான்ஸ் நகரத்து வில்லியம் என்பவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வில்லியம் பல நாள் மடத்திலேயே தங்கி, எரிந்த சுவர்களை மேலும் கீழும் உள்ளும் புறமும் ஏறிப் பார்க்கிறார். எவ்வளவு இடிக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மனம் நொந்து கிடப்பவர்களை உடனே கொல்ல வேண்டாம் என்று மறைத்தார் என்கிறார் கெர்வாஸ். தேவையான சாமான்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார். துறவிகள் கொஞ்சம் தேறிய பிறகு, "பத்திரமான கட்டடம் வேண்டுமென்றால் தீ தின்ற தூணும் அதன் மேல் இருப்பதும் எல்லாம் போக வேண்டும்" என்கிறார். அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள், வேறு வழியில்லாமல்.

எஸ்டிமேட்டை ஒரே நாளில் காட்டாத கான்ட்ராக்டரை நீங்கள் பார்த்ததில்லையா? நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி நடந்துகொண்டதும் உண்டு.

அப்புறம் வேலை. கடல் கடந்து கல் வருகிறது. கப்பலில் ஏற்றவும் இறக்கவும் வில்லியம் யந்திரங்கள் செய்தார். கல்தச்சர்களுக்கு வெட்ட வேண்டிய வடிவத்தின் அச்சுகளைக் கொடுத்தார். முதல் வருடம் இடிப்பதிலேயே போனது. அடுத்த வருடம் குளிர்காலத்துக்கு முன் நான்கு தூண், குளிர்காலம் முடிந்ததும் இன்னும் இரண்டு. இப்படி வருடவாரியாக எழுதிக்கொண்டே போகிறார். சைட்டு டைரியேதான்.

கேள்வி கேட்டவருக்கு: கட்டிய காலத்தில் யாரும் குறித்துவைக்கவில்லை என்பதற்கு மறுப்பாக இது போதும் என்று நினைக்கிறேன்.

10 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

வில்லியம் விழுந்ததைச் சொல்ல விட்டுப்போனது. 1178 செப்டம்பர். பெரிய வளைவுக் கூரையைக் கட்டுவதற்கான சாரத்தை மேலே தயார் செய்துகொண்டிருந்தபோது காலடியில் உத்தரம் முறிந்து, கல்லும் மரமுமாக 50 அடி கீழே விழுந்தார். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படுத்த படுக்கையாகவே, ஒரு இளம் துறவியை மேற்பார்வைக்கு வைத்து வேலையை நடத்தினார். அந்த இளைஞர் மேல் மற்றவர்களுக்குப் பொறாமை! வைத்தியம் பலிக்காமல் கடைசியில் பிரான்சுக்குத் திரும்பிவிட்டார். அடுத்து வந்தவரும் ஒரு வில்லியம், ஆனால் இங்கிலாந்துக்காரர். ஆள் சிறியவர், கைவேலையில் கெட்டிக்காரர், நேர்மையானவர் என்று கெர்வாஸ் சான்று தருகிறார். 1180 ஈஸ்டருக்குத் துறவிகள் புதிய கொயருக்குள் போனார்கள். 1184 வாக்கில் கிழக்குக் கோடி வரை முடிந்தது.

13 ஜனவரி

"துறவி எழுதியதை அப்படியே நம்பலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கும் இரண்டு மனம்தான்.

பெக்கெட் புனிதராகி ஒன்றரை வருடத்தில் கிழக்குப் பாதி மட்டும் எரிகிறது. யாத்ரிகர் கூட்டம் குவிகிறது. பழைய கொயரில் அவருக்குப் பெரிய சமாதி மண்டபம் கட்ட இடமில்லை. எரிந்தபின் கட்டியதோ பழையதைவிட நீளம், உயரம், கிழக்குக் கோடியில் புனிதருக்கென்றே தனி மண்டபம். தீயே தானாகப் பிடித்ததா என்று பின்னாளில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கெர்வாஸ் மடத்து ஆள். மடத்துக்கு ஆகாததை எழுதமாட்டார்.

ஆனாலும் வைத்த தீ என்று என்னால் நம்ப முடியவில்லை. வைத்தவர்கள் தங்கள் இருக்கையையும் ஜெபப் புத்தகத்தையும் மேலே விழும் உத்தரத்துக்குக் கீழே விட்டிருப்பார்களா? மேலும் அவர் தரும் தகவல்களைக் கட்டடத்தில் போய்ச் சரிபார்க்க முடிகிறது. உதாரணம்: கொயர் கிழக்கே போகப் போக இடுப்பு போல ஒடுங்கும். வரைபடத்தைப் பார்த்தால் யாரோ கணக்கில் தப்பியது போலிருக்கும். கெர்வாஸ் காரணம் சொல்கிறார். புனித ஆன்செல்ம், புனித ஆண்ட்ரூ பெயரிலான இரண்டு பழைய கோபுரங்கள் தீயில் தப்பிவிட்டன. அவற்றை இடிக்க மனமில்லை. அதனால் தூண் வரிசையை உள்ளே வளைத்துக்கொண்டு, தாண்டியபின் நேராக்கினார்கள்.

மகள் இங்கிலாந்தில் இருப்பதால் அங்கே போக வாய்த்தது. அந்த ஒடுக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். கோபுரங்கள் இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. மனைவிக்குக் கண்ணாடி ஜன்னல்கள். எனக்கு இந்த வளைவு. சரி, அவரவர்க்கு அவரவர் பக்தி.

14 ஜனவரி

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விண்வெளி ஆர்வலர்களுக்குக் கெர்வாஸ் வேறு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். 1178 ஜூன் 18 மாலை பிறையின் மேல் கொம்பு இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து தீயும் பொறியும் வந்ததாக, நேரில் பார்த்த ஐந்தாறு பேர் சொன்னதை அவர் எழுதிவைத்திருக்கிறார். நிலவின் ஜோர்டானோ புரூனோ பள்ளம் அன்றைக்கு உண்டானதுதான் என்று 1976இல் ஒருவர் வாதிட்டார். அவ்வளவு பெரிய மோதல் நடந்திருந்தால் பூமியில் ஒரு வாரம் எரிகல் மழை பொழிந்திருக்கும், உலகத்தில் யாரும் அப்படி எழுதவில்லையே என்று 2001இல் இன்னொருவர் மறுத்தார். மறுப்புதான் சரியாகப் படுகிறது.

வில்லியம் விழுந்ததும் அதே வருடம்தான். இதை வைத்து யாரும் ஜோசியம் பார்க்க வேண்டாம்.

17 ஜனவரி

வில்லிஸ். பலரும் கேட்டுவிட்டீர்கள்.

1800இல் லண்டனில் பிறந்தவர், 1875இல் கேம்பிரிட்ஜில் இறந்தவர். தாத்தா பிரான்சிஸ் வில்லிஸ்தான் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்தபோது வைத்தியம் பார்த்தவர். பேரன் கட்டடக் கலை படித்தவர் இல்லை. கணிதம், யந்திரவியல். 1827இல் குருப்பட்டமும் பெற்றார். 1837 முதல் சாகும்வரை கேம்பிரிட்ஜில் ஜாக்ஸோனியன் பேராசிரியர். யந்திரங்கள் எப்படி ஓடுகின்றன என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். பல்சக்கரங்களின் பல்லை வரைய ஒரு கருவி, குரலில் உயிரெழுத்து ஒலி எப்படி உண்டாகிறது என்று ஒரு ஆய்வு, இப்படிப் போகிறது அவர் பட்டியல்.

இவர் ஏன் கதீட்ரலுக்குள் வந்தார்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய 21 வயதுக்குப் போக வேண்டும். துருக்கித் தலைப்பாகை கட்டிய பொம்மை ஒன்று சதுரங்கம் ஆடி எல்லோரையும் ஜெயிக்கிறது என்று லண்டனே வேடிக்கை பார்த்த காலம். பெட்டியின் கதவுகளைத் திறந்து சக்கரங்களைக் காட்டுவார்கள். ஆள் இருக்க இடமே இல்லாதது போலத் தெரியும். இளைஞர் வில்லிஸ் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். குடையை அளவுகோலாக வைத்துப் பெட்டியை அளந்தார் என்று சொல்வார்கள். கதவுகளைத் திறக்கும் வரிசையைக் கவனித்தார். ஒரு வளர்ந்த ஆள் எந்தக் கதவு திறக்கும்போது எங்கே நகர்ந்து உட்காரலாம் என்று வரைந்து 1821இல் வெளியிட்டார். அதில் ஒரு நுணுக்கம்: சாவி கொடுப்பவர், பொம்மை எத்தனை முறை காய் நகர்த்தியிருந்தாலும் ஒரே அளவுதான் சாவியைத் திருப்புகிறார். உண்மையிலேயே வில் முறுக்கு தீர்ந்திருந்தால் அப்படி இருக்காது. ஆக அந்தச் சக்கரங்கள் சும்மா.

கதீட்ரலில் அவர் செய்ததும் இதுதான். கண்ணுக்குக் காட்டப்படும் அமைப்பு எது, உண்மையில் பாரம் தாங்கும் அமைப்பு எது? 1832-33இல் புது மனைவியோடு பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றிவிட்டு வந்து 1835இல் எழுதிய முதல் கட்டடக் கலை நூலிலேயே இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார். கட்டடம் நிற்பது ஒரு விதம். நிற்பதாக நமக்குத் தோன்றவைப்பது வேறு விதம். இரண்டும் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம்.

தேனிலவில் தூண் அளந்த மனிதர். அந்த அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

18 ஜனவரி

"பாரம் தாங்குவது, தாங்குவதாகக் காட்டுவது" என்றது புரியவில்லை என்கிறார்கள். கோதிக் என்ற கூர்வளைவுப் பாணிக் கூரையில் விலா எலும்பு போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல் ரிப்களை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் அவைதான் கூரையைச் சுமப்பது போலத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் வியோலே லெ டுயூக் அப்படித்தான் சொன்னார்: ரிப் எலும்புக்கூடு, நடுவில் இருக்கும் கல் மேலே வைத்த தோல். 1934இல் போல் ஆபிரகாம் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இதெல்லாம் கண்கட்டு, ரிப் பெரும்பாலும் அலங்காரம் என்று எழுதிப் பெரிய சண்டை மூண்டது. போரில் குண்டு விழுந்த தேவாலயங்களில் ரிப் உதிர்ந்துபோய்க் கூரை நின்ற இடமும் உண்டு, ரிப் மட்டும் மிஞ்சிய இடமும் உண்டு. இரண்டு கட்சிக்கும் சாட்சி கிடைத்தது!

இந்தச் சண்டைக்கு நூறு வருடம் முன்பே வில்லிஸ் கேள்வியைச் சரியாக வைத்துவிட்டார். 1842இல் இடைக்கால வளைவுக் கூரைகள் பற்றி ஒரு கட்டுரை. அதற்காகக் கூரைக்கு மேலே ஏறி, கீழிருந்து தெரியாத முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். தூணிலிருந்து ரிப்கள் கிளம்பும் இடத்தில் சில வரிசைக் கற்கள் வளைவே இல்லாமல் படுக்கையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியவை. முகப்பில் மட்டும் ரிப் வடிவம் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதி சுவரின் தொடர்ச்சிதான், அங்கே சென்ட்ரிங்கே, அதாவது கட்டும்போது வளைவைத் தாங்கும் மர முட்டே, தேவையில்லை. சென்ட்ரிங் மரத்துக்குச் செலவழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ரிப் எல்லாம் வட்டத்தின் துண்டுகள்தான், சில ஆரங்களை மட்டும் வைத்துக்கொண்டு சிக்கலான கூரைகளையும் போட்டார்கள் என்பதையும் அளந்து காட்டினார். கல்லின் விளிம்பு வடிவத்தை அப்படியே தாளில் பிடிக்க ஒரு கருவியும் செய்துகொண்டார்.

18 ஜனவரி

ரயில் பாலம் முறிந்ததை விசாரித்த வில்லிஸும் இவர்தானா என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், அதே வில்லிஸ்தான். 1847 மே மாதம் செஸ்டரில் டீ நதியின் இரும்பு ரயில் பாலம் முறிந்து ஐந்து பேர் செத்தார்கள். அதையொட்டி அமைத்த அரச ஆணையத்தில் இவரும் இருந்தார். ஓடும் வண்டி, நிற்கும் வண்டியைவிட உத்தரத்தை அதிகம் வளைக்கும் என்று சோதனை செய்து காட்டினார். கணக்கைக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஸ்டோக்ஸ் போட்டுக்கொடுத்தார். நான் கல்லூரியில் ஸ்டோக்ஸ் பெயரைத் திட்டிக்கொண்டே படித்தவன். இந்தப் பக்கமாகவும் வருவார் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

22 ஜனவரி

இரண்டு பேரும் சந்திக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். கெர்வாஸ் லத்தீனில் எழுதியது 1652இலேயே அச்சில் வந்துவிட்டது. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் நடந்து, வரிக்கு வரி சரிபார்த்தவர் வில்லிஸ். 1844 செப்டம்பரில் கேன்டர்பரியில் தொல்லியல் ஆர்வலர்கள் கூடியபோது பேசினார். 1845இல் புத்தகமாக வந்தது. எழுத்துச் சான்றுகளை முதலில் ஒன்றுசேர்ப்பது, அப்புறம் கட்டடத்தைத் தனியாகப் பார்ப்பது, கடைசியில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது. இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்கு, வளைவின் வடிவத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக வயது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கெர்வாஸ் பழைய கட்டடத்தையும் புதியதையும் ஒப்பிடும் பகுதி ஒன்று உண்டு. தூண்களின் வடிவமும் பருமனும் ஒன்றே, புதியவை ஏறக்குறைய 12 அடி அதிக உயரம். பழைய போதிகைகள் (தூணின் தலைப்பகுதி) வெறுமையானவை, புதியவற்றில் நுணுக்கமான செதுக்கல். முன்பு கோடாரியால் கொத்தியது, இப்போது உளியால் செதுக்கியது. முன்பு பளிங்குத் தூணே கிடையாது, இப்போது எண்ணி முடியாது. எரிந்துபோன கட்டடத்தின் தூண் உயரம் நமக்குத் தெரிவதே இந்தத் துறவி எழுதிவைத்ததால்தான்.

வின்செஸ்டர் கதீட்ரலில் வில்லிஸ் செய்தது இன்னும் அழகு. 1100இல் வில்லியம் ரூபஸ் மன்னரை நடுக் கோபுரத்துக்குக் கீழே புதைத்தார்கள். 1107இல் கோபுரம் விழுந்தது. கெட்ட ராஜாவைப் புதைத்ததால் விழுந்தது என்று ஊர் பேசியது. அந்தக் காலத்தில் சரித்திரம் எழுதிய துறவி மாம்ஸ்பரி வில்லியமே, அவரைப் புதைக்காவிட்டாலும் கட்டு மோசம் என்பதால் விழுந்திருக்கலாம் என்று ஜாக்கிரதையாக ஒரு வரி எழுதினார். வில்லிஸ் என்ன செய்தார் தெரியுமா? கற்களுக்கு நடுவே உள்ள சாந்தின் கனத்தைப் பார்த்தார். கோபுரத்தைச் சுற்றிய தூண்களிலும் ஒட்டிய சில பகுதிகளிலும் சாந்து மெல்லிய கோடு. தள்ளிப் போனால் விரல் கனம். மெல்லியது விழுந்தபின் கட்டியது, தடித்தது அதற்கு முந்தையது. அந்தச் சமயத்தில் சாலிஸ்பரி ஆயர் ரோஜர் கட்டியவை ஒரே கல்லில் செய்ததுபோல இழைந்திருந்தன என்று அதே மாம்ஸ்பரி வில்லியம் வியந்திருப்பதும் இதோடு பொருந்துகிறது.

கொத்தனார் வேலை பழைய சுவரா புதுச் சுவரா என்று கேட்டால் எங்கள் மேஸ்திரியும் பூச்சு உதிர்ந்த இடத்தில் சாந்தைத்தான் சுரண்டிப் பார்ப்பார். கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் அதையே செய்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

23 ஜனவரி

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மனிதர் வறட்டு எழுத்துக்காரர். கட்டியவர்கள் ஏன் கட்டினார்கள், யார் பணம், யார் வயிறு காய்ந்தது என்பதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. ஜெருசலேம் கல்லறைத் தேவாலயத்தைப் பற்றி 1849இல் எழுதினார்; அங்கே போனதே இல்லை. பிறர் வரைந்த படங்களையும் யாத்ரிகர் குறிப்புகளையும் மட்டும் வைத்து எழுதினார். தன் கண்ணால் கல்லைப் பார்க்காமல் பேசாத ஆள் என்று நான் கொண்டாடியவர் இப்படிச் செய்தது முதலில் உறுத்தியது. இப்போது அவ்வளவாக இல்லை. முரண்படும் வரைபடங்களில் எதை நம்பலாம் என்று தீர்மானிப்பதும் அதே மூளை வேலைதான்.

கேம்பிரிட்ஜ் கட்டடங்களின் வரலாற்றை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். அவருடைய சகோதரியின் மகன் ஜான் வில்லிஸ் கிளார்க் அதை முடித்து 1886இல் நான்கு தொகுதியாகக் கொண்டுவந்தார்.

29 ஜனவரி

எதில் ஆரம்பிப்பது என்று கேட்ட தம்பிக்கு. வின்செஸ்டர் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். யோசித்தால் கேன்டர்பரியே மேல். வில்லிஸ் ஆங்கிலத்தில் தந்திருக்கும் கெர்வாஸ் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள், ஒரு மதியம் போதும். வில்லிஸின் சொந்த அத்தியாயங்களை வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு படியுங்கள், இல்லாவிட்டால் தூங்கிவிடுவீர்கள். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஸ்கேன் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

2 பிப்ரவரி

1861 பிப்ரவரி 21 அன்று சிச்செஸ்டர் கதீட்ரலின் கூம்புக் கோபுரம் நின்ற இடத்திலேயே உள்ளுக்குள் இறங்கி விழுந்ததே, அதைப் பற்றியும் வில்லிஸ் எழுதியிருக்கிறார். உயிர்ச்சேதம் இல்லை. சைட்டுக்காரர்கள் அதைத் தனியாகப் படிக்கலாம்.

அப்புறம், கேன்டர்பரியில் எரிந்துபோன அந்த வண்ணம் தீட்டிய மர மச்சு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவருக்கு: பீட்டர்பரோ கதீட்ரலின் நடுக்கூடத்தில் 13ஆம் நூற்றாண்டு மர மச்சு சித்திரத்தோடு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது நல்ல படம் எடுத்து இங்கே போடுங்கள். என் போனில் எடுத்தது எல்லாம் கலங்கல்.